மூன்று அங்குலம்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் அகலம் இருபத்திரண்டு அங்குலம். என் சக்கர நாற்காலியின் அகலம் இருபத்தைந்து. இதைச் சொன்னால் கேட்பவர்கள் "அவ்வளவுதானே" என்கிறார்கள். அவ்வளவேதான். அந்த மூன்று அங்குலத்தால், இருபத்தாறு வயதான எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மா கட்டிலிலேயே வைத்துக் கழுவி விடுகிறாள்.

என் அண்ணன் வெல்டர். கிடங்குகளுக்கு கேட் செய்கிறவன். எதிரெதிரே இரண்டு லாரி வந்தாலும் உரசாமல் போகலாம், அப்படி கேட். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வெல்டர் தங்கைக்குக் கதவு இல்லை.

இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால், மாடித் தண்ணீர்த் தொட்டியில் என்ன அடைப்பு என்று பார்க்க இரும்பு ஏணியில் ஏறினேன். மேலிருந்து இரண்டாவது படி கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் தொப்புளுக்கு நேரே முதுகெலும்பு உடைந்தது. தொப்புளுக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. அந்த ஏணியைச் செய்தது யார் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு வெல்டர்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தேன். அங்கே எல்லாவற்றையும் நானே செய்தேன். அகலமான கதவு, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி, சுவரில் கைப்பிடி. மருந்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு வயிற்றைக் காலி செய்து, குளித்துவிட்டு வெளியே வரலாம். முதல் தடவை தனியாக முடித்துக்கொண்டு வந்தபோது சிஸ்டர் கைதட்டினார். கைதட்டுகிற காரியமா இது என்று எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது.

வீட்டில் ரப்பர் ஷீட் விரித்து இடப் பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பாள் அம்மா. அவள் என் முதுகுக்குப் பின்னால் இருப்பாள். வேலை முடிகிறவரை பேசிக்கொண்டே இருப்பாள், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதை, தையல் மெஷின் பெல்ட் அறுந்ததை. பேச்சு நின்றால் இரண்டு பேருக்கும் கஷ்டம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஒரு ஆணி இருக்கிறது. ஆரம்பத்தில் அழுதேன், அப்புறம் கத்தினேன். இப்போது ஆணியைப் பார்க்கிறேன். வேறொன்றும் தோன்றுவதில்லை.

அண்ணனிடம் கேட்காமல் இல்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரமே கேட்டேன்.

"அண்ணா, அந்தக் கதவைக் கொஞ்சம் அகலப்படுத்திடேன்."

"பண்ணிடலாம் பாப்பா. இந்த ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் சுவரை உடைக்கவில்லை. ஹாலில் இருந்த சோபாவை விற்றுவிட்டு, அந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு நீளக் கம்பிகளைப் பக்கம் பக்கமாகத் தரையில் பதித்தான். நடுவில் நான் நிற்க வேண்டும். மறுபடி கதவைப் பற்றிக் கேட்டபோது, "எதுக்கு? நீ நடந்தே உள்ள போகப் போறே. நடந்து போறவளுக்கு இருபத்திரண்டு இஞ்ச் போதும்" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவன் வேலையிலிருந்து வருவான். கை கழுவுவான். இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்பும் தோல் வாரும் வைத்த கேலிப்பரை எனக்கு மாட்டி, முழங்கால் பூட்டைப் போட்டு, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்துவான். ஒரு மணி நேரம். பெரியவர்கள் எல்லாரும் சொந்தக் காலில் நில் என்று அறிவுரை சொல்வார்கள். நான் நின்றேன். கால்தான் என்னுடையதுபோல் இல்லை. அண்ணன் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, என் பாதங்களைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

பகலில் ஒரு டாக்ஸி கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போன் எடுக்கிறேன். எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர், பெட்டி இருக்கிறதா. ஒரு நாளைக்கு நூறு பேரை இடம் மாற்றுகிறேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனை ஓரமாக வைத்துவிட்டு, போர்வைக்கு அடியில் டியூப் விட்டு சிறுநீரை எடுக்கிறேன். அது மட்டும்தான் நானே செய்துகொள்வது. அதற்குக் கதவு தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை மறுவாழ்வு மையத்திலிருந்து சிஸ்டர் கூப்பிட்டார். அண்ணன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஒரு சர்வே எடுக்கறோம், முப்பது வயசுக்குள்ள இருக்கறவங்ககிட்ட மட்டும்" என்றார் சிஸ்டர். "உடம்புலயும் வாழ்க்கையிலயும் உங்களுக்கு எது முதல்ல சரியாகணும்? பத்து விஷயம் படிக்கறேன், வரிசைப்படுத்திச் சொல்லுங்க."

"நடக்கணும் சிஸ்டர். வேற என்ன இருக்கு" என்றான் அண்ணன்.

"அதை அவங்க சொல்லணும்."

"அவளும் அதைத்தான் சொல்வா."

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "நடந்துட்டா மத்ததெல்லாம் தன்னால சரியாயிடும்னு எழுதிக்கோங்கம்மா."

நான் ஹெட்போன் பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிய பேச்சில் எனக்கென்ன வேலை. சிஸ்டர், "சரி, அவங்க தனியா இருக்கும்போது கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. அந்தக் கடுப்பிலேயே கேலிப்பரை எடுத்து வந்தான்.

அன்றைக்குத் தூக்கி நிறுத்தும்போது என் வலது பாதம் கம்பியின் அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. அவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, பார்த்தால்தானே எனக்குத் தெரியும். இடுப்பைப் பிடித்து நேராகத் திருப்பினான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"பூட்டு விழுந்துடுச்சு" என்றான் அண்ணன்.

பூட்டு என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மணி நேரம் நின்றேன்.

மறுநாள் காலை அம்மா ரப்பர் ஷீட்டை உருவும்போது என் வலது கால் துள்ளியது. தொடை இறுகி, முழங்கால் மடங்கி, மறுபடி நீண்டது. கரையில் போட்ட மீனைப்போல. அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே போட்டாள்.

"டேய், இங்க வாடா. கால் அசையுதுடா."

அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு ஓடிவந்தான். அவன் கண் முன்னாலேயே இரண்டாவது தடவை துள்ளியது. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நுரையைத் துடைக்கவும் இல்லை. அழுதான். இந்த இரண்டு வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"சொன்னேன்ல பாப்பா. சொன்னேன்ல."

எனக்குத் தெரியும். மையத்தில் இதைத்தான் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். செயலிழந்த கால் அவ்வப்போது உதறும், அது நடை திரும்பி வருவது இல்லை. உதறல் திடீரென்று அதிகமானால் கீழே எங்கோ கோளாறு. சிறுநீர் அடைத்திருக்கலாம், புண் வந்திருக்கலாம், வேறு ஏதாவதாக இருக்கலாம். நமக்கு வலி தெரியாது, உடம்பு வேறு வழியில்லாமல் காலை உதறிக் கூப்பிடுகிறது. சிஸ்டர் இதை என் வாயால் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்.

டியூப் விட்டுப் பார்த்தேன், சிறுநீர் தெளிவாக இருந்தது. கைக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கம் பார்த்தேன், புண் இல்லை. அதோடு விட்டுவிட்டேன். தொடையைப் பார்க்கவில்லை. அம்மா மதியம் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அண்ணன் என் கால் துள்ளுவதை வீடியோ எடுத்து, கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினான். அவர்களில் ஒருவர் பெட்டி நிறைய இனிப்பு கொடுத்தனுப்பினார். நான் இரண்டு தின்றேன்.

அவர்கள் மனசு உடையும் என்றுதான் சொல்லவில்லை என்று சொன்னால் நல்லபிள்ளை என்று பெயர் கிடைக்கும். அது பொய். எனக்கே நப்பாசை வந்துவிட்டது. பாடம் சொன்னவர்களுக்கு எல்லாம் தெரியுமா, ஒருவேளை எனக்கு மட்டும், ஒருவேளை. அந்தச் சொல்லைப்போலக் கேடுகெட்ட சொல் வேறு இல்லை. மூன்று நாள் நான் கதவையே மறந்துபோனேன். மூன்று நாளும் மாலை ஆறு மணிக்குக் கேலிப்பரை மாட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது. "புது ரத்தம் ஓடுதுல்ல, சூடு இருக்கும்" என்றாள் அம்மா. பெத்த மனம் பித்து. என் மனசும் அப்போது அப்படித்தான் இருந்தது.

புதன்கிழமை மதியம் சிஸ்டர் கூப்பிட்டார். அண்ணன் வேலையில் இருந்தான். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"இப்ப தனியா இருக்கீங்களா? சொல்லுங்க. முதல்ல எது?"

"பாத்ரூம் கதவு" என்றேன். யோசிக்கவே இல்லை. "உள்ள நானே போகணும், என் வேலையை நானே முடிக்கணும். எங்கம்மா கை என் மேல படக்கூடாது. அடிக்கறாங்கன்னு இல்ல சிஸ்டர், அவங்க ரொம்ப நல்லாத்தான் பண்றாங்க. அதான் தாங்கல."

"ம். அடுத்தது?"

"அடிக்கடி யூரின்ல கிருமி வந்து படுத்துக்கறேன், அது நிக்கணும். அப்புறம் ஆபீஸுக்குப் போய் நாலு பேரோட உக்காந்து வேலை பாக்கணும். அப்புறம்..." தயங்கினேன். "யாராவது ஒருத்தர் வேணும். கல்யாணம்னுகூட இல்ல. என்னை அந்த மாதிரிப் பாக்கற ஒருத்தர். இதெல்லாம் லிஸ்ட்ல இருக்கா?"

"இருக்கு. நிறைய பேர் சொல்றாங்க."

"அப்புறம் கால் எரிச்சல். தொட்டாத் தெரியாத காலு, எரியறது மட்டும் தெரியுது. என்ன அநியாயம் பாருங்க."

"நடக்கறது?"

"எட்டாவதோ ஒன்பதாவதோ போட்டுக்கோங்க. கிடைச்சா யாரு வேணாம்னு சொல்வா. ஆனா அதுக்காக மத்ததெல்லாம் வரிசைல நிக்குது."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு வந்தார். புண்? இல்லை. காய்ச்சல்? கொஞ்சம். உதறல் அதிகமா?

போர்வையை இழுத்துக் காலை மூடினேன்.

"கேக்கறேன்ல. உதறல் அதிகமா?"

"மூணு நாளா."

"மூணு நாளாவா? நான் சொல்லிக் கொடுத்தது என்ன? போர்வையை எடுங்க. ரெண்டு தொடையிலயும் கையை வைங்க. எது சூடா இருக்கு?"

வலது தொடை சூடாக இருந்தது. அம்மாவின் தையல் டேப்பால் முழங்காலுக்கு மேலே அளக்கச் சொன்னார். இடது பதினாலு அங்குலம். வலது பதினாறரை. உள்பக்கத்தில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. அண்ணன் பைஜாமாவுக்கு மேலேயே கேலிப்பரை மாட்டுவான், அம்மா முதுகுப் பக்கமே இருப்பாள்; மூன்று நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"நிக்காதீங்க. காலை மடக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் சிஸ்டர்.

எனக்கு நானே ஒரு டாக்ஸி அனுப்பிக்கொண்டேன்.

கடையிலிருந்து திரும்பிய அம்மா என்னோடு டாக்ஸியில் ஏறினாள், அண்ணன் வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் கரி, சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். வலது தொடை எலும்பு முழங்காலுக்கு மேலே குறுக்காக முறிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது.

"ரெண்டு வருஷமா நடக்காத கால் எலும்பு. உள்ள சல்லடையாயிருக்கு. லேசாத் திருகினாலே போதும்" என்றார். "எப்ப நடந்தது?"

"சனிக்கிழமை" என்றேன். "சத்தம் கேட்டுச்சு."

"இன்னிக்குப் புதன். நடுவுல என்ன பண்ணீங்க?"

நான்தான் சொன்னேன். "தினமும் ஒரு மணி நேரம் நின்னேன்."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். அண்ணன் எழுந்து வெளியே போனான். அம்மா தன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். காலை நீட்டியபடியே பஞ்சு சுற்றிக் கட்டு போட்டார்கள். எட்டு வாரம் படுக்கை. கட்டுப் போடும்போது கால் இரண்டு தடவை துள்ளியது. இந்தத் தடவை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

மறுநாள் மதியம் அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில் அண்ணன் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எட்டு வாரம்தான். அப்புறம் மெதுவா ஆரம்பிக்கலாம். கேலிப்பர்ல பஞ்சு அதிகமா வச்சு..."

"வேணாம்ணா."

"அதிக நேரம் வேணாம். அரை மணி நேரம்."

"நான் நிக்க மாட்டேன். எனக்குக் கதவு வேணும்."

அவன் கை நகத்திலிருந்த கரியைச் சுரண்டினான். ரொம்ப நேரம் சுரண்டினான்.

"அந்த ஏணி" என்றான். "ரெண்டாவது படி. அன்னிக்கு அவசரத்துல ஒரு பக்கம் மட்டும் பத்த வச்சேன். மறுபக்கம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு..."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"விழும்போதே தெரியும். படி என் கைலதானே இருந்துச்சு. ஒரு பக்கம் வெல்டே இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "ஏன் திட்டல?"

திட்டியிருக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் படுத்திருந்தபோது அவனைக் கொன்றுவிடலாம் போலக் கோபம் இருந்தது. அப்புறம் எங்கே போனது என்று தெரியவில்லை. அதையும் சேர்த்துத்தான் தொப்புளுக்குக் கீழே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது.

"திட்டறதுக்கு இப்பத் தெம்பு இல்ல. கதவைப் பண்ணு" என்றேன்.

"கதவைப் பண்ணா..." அவன் குரல் கம்மியது. "கதவைப் பண்ணா, நீ இனிமே நடக்க மாட்டேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும் பாப்பா."

"ஆமா" என்றேன். "போடு."

அவன் எழுந்து முகம் கழுவப் போனான். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது.

வீட்டுக்குக் கூட்டி வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சுவரை உடைத்தான். அத்தனை வாரமும் ரப்பர் ஷீட்தான், அம்மாதான், ஆணிதான். ஆனால் பக்கத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. வீடு முழுக்கத் தூசி. அம்மா பாத்திரங்களையெல்லாம் துணி போட்டு மூடினாள். இருபத்தெட்டு போதும் என்று நான் சொல்லியும் அவன் முப்பத்தாறு வைத்தான். உள்ளே சுவரில் ஐந்து இடத்தில் கைப்பிடி. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் பற்ற வைத்து, தேய்த்து, அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அம்மாவையும் தொங்கச் சொன்னான்.

"என்னை ஏன்டா வம்புக்கு இழுக்கறே" என்றாள் அம்மா. ஆனாலும் தொங்கினாள். நான் கட்டிலிலிருந்து சிரித்தேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, எனக்கே அது யாருடையதோபோல் கேட்டது.

எலும்பு ஒட்டுவதற்கு எட்டு வாரம் என்றது பத்து வாரமானது. கட்டை அவிழ்த்த ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, அண்ணன் வாங்கி வைத்திருந்த, சக்கரமும் நடுவில் ஓட்டையும் உள்ள நாற்காலிக்கு மாறிக்கொண்டேன். அம்மா ரப்பர் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"முடியுமா கண்ணு? நான் வேணா வாசல்ல நிக்கட்டுமா?"

"வேணாம்மா. நீ போய் டீ போடு."

அவள் போகவில்லை. ஷீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இனிமேல் அந்த நேரத்தில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் நான் நாற்காலியைத் தள்ளினேன். இரண்டு பக்கமும் எதுவும் உரசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். என் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் வைத்திருந்தான். போட்டேன்.

பழக்கம் விட்டுப்போயிருந்தது. மருந்து ஒரு தடவை கீழே விழுந்தது. கையுறை கிழிந்தது. காலை நேராக வைக்கத் திணறினேன். இரண்டு தடவை கெட்ட வார்த்தை சொன்னேன். அங்கே யாரும் நாய்க்குட்டிக் கதை சொல்லவில்லை. முடித்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தண்ணீரைத் திறந்து தலையோடு ஊற்றிக்கொண்டேன். முதுகில் பாதி வரைதான் தண்ணீர் தெரிந்தது. அந்தப் பாதிக்கு அது நன்றாக இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. வீட்டில் ஒரே குளியலறை. அண்ணனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் எதையும் யோசிக்காமல், எந்த வீட்டிலும் எந்த அண்ணனும் தட்டுவதுபோலத் தட்டினான்.

"யாரு உள்ள? எவ்வளவு நேரம்?"

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"ஆள் இருக்கு" என்றேன்.

வெளியே சத்தம் நின்றது. அவன் போகவும் இல்லை, மறுபடி தட்டவும் இல்லை. ஒரு நிமிடம் பொறுத்துத் தண்ணீரை மறுபடி திறந்தேன்.